கேடிலாக் சிடி5-வி பிளாக்விங்: கார் பிரியர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விகள்

இந்தக் காரைப் பற்றி இவ்வளவு வாக்குவாதம் ஏன்?

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சொகுசுப் பிரிவான கேடிலாக், 2021 பிப்ரவரியில் சிடி4-வி பிளாக்விங், சிடி5-வி பிளாக்விங் என்னும் இரண்டு செடான்களை ஒன்றாக அறிமுகம் செய்தது. 2022 மாடலாக அவை விற்பனைக்கு வந்தன. இரண்டில் பெரியதான சிடி5-வி பிளாக்விங்கில் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி) பூட்டிய 6.2 லிட்டர் வி8 என்ஜின் (எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்தது) இருக்கிறது. அதன் திறன் 668 குதிரைத்திறன். டார்க், அதாவது முறுக்கு விசை, 893 நியூட்டன் மீட்டர். அந்தச் சக்தி முழுவதும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. ஆறு கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸ்தான் அடிப்படை ஏற்பாடு. பத்து கியர் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

ஜெர்மன் நிறுவனங்கள் இந்த அளவுள்ள வேகச் செடான்களை நான்கு சக்கர இயக்கத்துக்கும் ஆட்டோமேட்டிக் கியருக்கும் மாற்றிவிட்ட காலத்தில் இப்படி ஒரு கார் வந்ததால் கார் பிரியர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தார்கள். ஓட்டுவதன் சுகத்தை மீட்டுத் தந்த கார் என்று ஓரணி கொண்டாடுகிறது. பழைய என்ஜினைப் புதிய உடலில் வைத்து விற்கிறார்கள் என்று மற்ற அணி குறை கூறுகிறது. இந்தக் காரின் பெருமை 668 என்ற எண்ணில் இல்லை, அவ்வளவு சக்தியையும் சாதாரண ஓட்டுநர் அச்சமின்றிக் கையாளும்படி சேஸியை, அதாவது காரின் அடிச்சட்டத்தையும் சஸ்பென்ஷனையும், பக்குவப்படுத்தியிருப்பதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்களை அந்த நிலையிலிருந்தே எழுதியிருக்கிறேன்.

அமெரிக்கக் கார்கள் நேர்சாலையில் மட்டும்தான் ஓடும், வளைவில் தடுமாறும் என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1980களில் கேடிலாக் விற்ற சிமரான், மலிவான ஷெவர்லே காரின் மேல் சொகுசுப் பூச்சு பூசியதாகவே பார்க்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் வந்த கட்டேரா, ஜெர்மனியின் ஓப்பல் ஒமேகாவைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்ததுதான். பிஎம்டபிள்யூ 3 வரிசையும் 5 வரிசையும் வாங்கும் இளம் வாடிக்கையாளர்களை இவை எதுவும் அசைக்கவில்லை.

மாற்றம் 2003 மாடலாக வந்த சிடிஎஸ் செடானில் தொடங்கியது. பின்சக்கர இயக்கத்துக்கென்றே புதிதாக வரைந்த சேஸி, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடத்திய சோதனைகள் என்று அணுகுமுறையே மாறியது. 2004 மாடலான முதல் சிடிஎஸ்-வி (சிடிஎஸ் செடானின் வேக வடிவம்), ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டிலிருந்து எடுத்த 5.7 லிட்டர் வி8 என்ஜினோடும் 400 குதிரைத்திறனோடும் மேனுவல் கியரில் மட்டும் வந்தது. அதன் அடுத்த தலைமுறைதான் வாயடைக்க வைத்தது. 2008 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஜான் ஹைன்ரிசி, 556 குதிரைத்திறன் கொண்ட சிடிஎஸ்-வி செடானை நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றில் 7 நிமிடம் 59.32 விநாடிகளில் ஓட்டி முடித்தார். வழக்கமான செடான் ஒன்று எட்டு நிமிடத்துக்குள் அந்தத் தடத்தைச் சுற்றுவது அன்றைக்குப் பெரிய செய்தி.

அதற்கு அடுத்த ஆண்டு, அந்நிறுவனத்தின் மூத்த தலைவர்களில் ஒருவரான பாப் லட்ஸ், உற்பத்திச் செடான் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து சிடிஎஸ்-வியோடு மோதிப் பாருங்கள் என்று வெளிப்படையாகச் சவால் விட்டார். நியூயார்க் மாநிலத்தின் மான்டிசெல்லோ தடத்தில் அந்தப் போட்டி நடந்தது. எழுபது வயதைக் கடந்திருந்த லட்ஸே களத்தில் இறங்கி ஓட்டினார். அன்றைய மிக விரைவான சுற்று, சிடிஎஸ்-வியை ஓட்டிய ஹைன்ரிசியுடையது. நிறுவனம் திவாலாகி அரசின் கைதாங்கலில் மீண்டெழுந்த அதே 2009ஆம் ஆண்டில் இது நடந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பொறியாளர்களின் தன்னம்பிக்கையை மதிக்காமல் இருக்க முடியவில்லை. பிளாக்விங் அந்தப் பரம்பரையில் வந்த கார். ஆகவே வளைவில் தடுமாறும் என்ற பேச்சைச் சொல்கிறவர் சிடிஎஸ் வருவதற்கு முந்தைய கேடிலாக்கை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

பிளாக்விங் என்பது ஓர் என்ஜினின் பெயர் என்றும், அந்த என்ஜின் இந்தக் காரில் இல்லை என்றும் சொல்வது உண்மையா?

உண்மைதான். சிடி6-வி என்ற பெரிய செடானுக்காகக் கேடிலாக் தனியாக உருவாக்கிய 4.2 லிட்டர் இரட்டை டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று காற்றை அழுத்தும் கருவி) வி8 என்ஜினுக்குத்தான் முதலில் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. அது 550 குதிரைத்திறன் தந்தது. சிடி6 அமெரிக்காவில் 2020 மாடலோடு நின்றுபோனபோது, கேடிலாக்குக்கு மட்டுமே உரிய அந்த நேர்த்தியான என்ஜினும் மிகக் குறைந்த கார்களோடு முடிந்துபோனது. பெயர் மட்டும் இந்த இரண்டு செடான்களுக்கு வந்து சேர்ந்தது. அந்த என்ஜினைக் கைவிட்டது வருத்தத்துக்குரிய முடிவு என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த வருத்தத்தைப் பிளாக்விங் காரின் குறையாக எழுதுவது பொருந்தாது.

சிடி5-வி என்று இன்னொரு காரும் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

குழப்பத்துக்குக் காரணம் நிறுவனமேதான். அதுவரை வி என்ற எழுத்து வரிசையின் உச்ச மாடலை மட்டுமே குறித்து வந்தது. 2019 மே மாதம் டெட்ராய்ட்டில் காட்டப்பட்ட சிடி5-வி, 3 லிட்டர் வி6 என்ஜினோடு 360 குதிரைத்திறன் அளவிலேயே வந்தது. அதற்கு முந்தைய சிடிஎஸ்-வி 640 குதிரைத்திறன் தந்த கார் என்பதால் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். வி என்பதை இடைநிலைக்கு இறக்கி, உச்சத்துக்குப் பிளாக்விங் என்று பெயரிடப் போகிறோம் என்பதை அன்றைக்கே தெளிவாகச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. வாங்க நினைப்பவர் பெயர்ப்பலகையை மட்டும் பார்க்காமல் என்ஜினையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே உடல் கொண்டவை என்றாலும் முற்றிலும் வேறான கார்கள்.

தண்டு தள்ளி வால்வைத் திறக்கும் பழைய பாணி வி8 இந்தக் காலத்துக்குத் தேவையா?

விவாதங்களில் மிகுதியான சூடும் மிகக் குறைந்த விளக்கமும் இருப்பது இந்த இடத்தில்தான். எல்டி4 என்று அழைக்கப்படும் இந்த என்ஜினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் சுழல்தண்டு) ஒன்றே ஒன்று. அது வி வடிவின் நடுவே, என்ஜின் கட்டைக்குள்ளேயே சுழல்கிறது. அங்கிருந்து நீளமான தண்டுகள் மேலே போய் வால்வுகளை இயக்குகின்றன. சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். ஜெர்மன் வி8 என்ஜின்களிலோ தலைப்பகுதியில் நான்கு கேம்ஷாஃப்டுகளும் சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் உள்ளன. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் பின்னதே நவீனம் என்று தோன்றும்.

ஆனால் தலைப்பகுதியில் கேம்ஷாஃப்டுகள் இல்லாததால் எல்டி4 என்ஜினின் உயரமும் அகலமும் குறைகின்றன. 6.2 லிட்டர் கொள்ளளவு, அதைவிடச் சிறிய கொள்ளளவுள்ள நான்கு கேம் என்ஜினின் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. பாகங்கள் குறைவு, எடை தாழ்வாக அமைகிறது, செலவும் மட்டுப்படுகிறது. லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்ற கணக்கு ஜப்பானிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் என்ஜின் கொள்ளளவை வைத்து வரி போட்டதால் முக்கியத்துவம் பெற்ற கணக்கு. வண்டியை இழுப்பது லிட்டர் அல்ல. என்ஜினின் மொத்த எடைக்கும் இடத்துக்கும் எவ்வளவு சக்தி கிடைக்கிறது என்பதே ஓட்டுநருக்குப் பொருட்டு. என்ஜினின் மேலேயே அமர்ந்திருக்கும் 1.7 லிட்டர் ஈட்டன் சூப்பர்சார்ஜரை என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட் பெல்ட் மூலம் நேரடியாகச் சுழற்றுவதால், டர்போவில் இருப்பது போல அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காலை வைத்த கணமே கார் பதில் சொல்கிறது.

எதிரணி எழுப்பும் ஒரு கவலை மட்டும் வலுவானது. இதே எல்டி4 என்ஜின் 2015 மாடல் கார்வெட் இசட்06 காரில் வந்தபோது, பந்தயத் தடத்தில் தொடர்ந்து ஓட்டினால் சூடேறிச் சக்தி குறைகிறது என்று உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். 2017 மாடலில் பானெட்டின் காற்றுத் துவாரங்களைப் பெரிதாக்கியும் சூப்பர்சார்ஜர் மூடியை மாற்றியும் நிறுவனம் அதைச் சரிசெய்ய முயன்றது. பிளாக்விங்கின் முகப்பில் அகலமான வலைத்திறப்புகள் அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அழகல்ல, இந்தப் பாடம்தான்.

இந்த என்ஜினைக் கையாலேயே பூட்டுகிறார்கள் என்கிறார்களே?

ஆம். கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரில், கார்வெட் தயாராகும் தொழிற்சாலையிலேயே இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒரே தொழிலாளி ஓர் என்ஜினை ஆரம்பம் முதல் கடைசி வரை நிலையம் நிலையமாக நகர்த்திக்கொண்டே பூட்டி முடிக்கிறார். முடித்தபின் அவருடைய கையெழுத்து பொறித்த சிறு தகடு என்ஜினின் மேல் பொருத்தப்படுகிறது. பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கையெழுத்துதான். பிறகு என்ஜின் மிச்சிகனில் உள்ள லான்சிங் தொழிற்சாலைக்குப் போய்க் காரில் ஏறுகிறது.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

வேகம் மட்டுமே கணக்கென்றால் ஆட்டோமேட்டிக். மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் வேகத்தை ஆட்டோமேட்டிக் 3.4 விநாடிகளிலும் மேனுவல் 3.6 விநாடிகளிலும் எட்டுவதாக நிறுவனம் அறிவித்தது. இந்த 0.2 விநாடியை வைத்துப் பக்கம் பக்கமாகச் சண்டை நடக்கிறது.

நான் மேனுவலையே பரிந்துரைக்கிறேன். பிஎம்டபிள்யூ 5 வரிசையின் வேக வடிவமான எம்5, பிளாக்விங் வந்த காலத்துத் தலைமுறைக்கு முந்தைய தலைமுறையோடு அமெரிக்கச் சந்தையிலும் மேனுவலைக் கைவிட்டுவிட்டது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஈ63 காரிலும் ஆட்டோமேட்டிக் மட்டுமே. டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் 707 குதிரைத்திறன் தந்தபோதும் மேனுவல் தரவில்லை. இத்தனை சக்தியுள்ள நான்கு கதவு காரில் கிளட்ச் மிதியை வைத்து விற்றது, பிளாக்விங் வந்தபோது இந்த ஒரு நிறுவனம்தான். டிரெமெக் நிறுவனத்தின் அந்த ஆறு கியர் பெட்டி பழமையானதும் அல்ல. கீழ்க்கியருக்கு மாற்றும்போது என்ஜின் சுற்றைத் தானாகவே ஏற்றிப் பொருத்தும் வசதி இருக்கிறது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலேயே கியர் மாற்றும் வசதியும் உண்டு. நகர நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் ஊர்ந்து வேலைக்குப் போகிறவருக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எம்5 காரோடு ஒப்பிட்டால் எது சிறந்தது?

பிளாக்விங் வந்த காலத்து எம்5 நான்கு சக்கர இயக்கமும் 600 குதிரைத்திறனும் கொண்டது. காம்பெட்டிஷன் வகையில் 617. ஈரச் சாலையிலும் நின்ற இடத்திலிருந்து பாயும்போதும் நான்கு சக்கரங்களும் பிடித்துக்கொள்ளும் எம்5 முந்திக்கொள்ளும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. விலையிலோ பிளாக்விங் முந்தியது. அறிமுகத்தின்போது அனுப்புச் செலவோடு 84,990 டாலர். எம்5 ஒரு லட்சம் டாலருக்கு மேலேதான் தொடங்கியது.

எடையைக் கவனிப்பவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் முதன்மையாகத் தெரிகிறது. பிளாக்விங் சுமார் 1,870 கிலோ. அன்றைய எம்5 அதைவிட ஏறத்தாழ நூறு கிலோ அதிகம். 2025 மாடலாக வந்த புதிய எம்5, மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்த்து 717 குதிரைத்திறன் தருகிறது. ஆனால் எடை 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. கணினிகள் அந்த எடையைத் திறமையாக மறைக்கின்றன என்பது உண்மை. மறைப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு. மலைப்பாதையில் பிரேக்கை மிதித்து ஸ்டீயரிங்கைத் திருப்பும் அந்த ஒரு விநாடியில், முன்சக்கரங்களின் பிடி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கைகளுக்குத் தெரிவிக்கும் கார் எது என்று கேட்டால், நான் தயங்காமல் பிளாக்விங்கைக் காட்டுவேன்.

அந்த ஓட்டுத்தன்மை எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி, காந்த சஸ்பென்ஷனிலிருந்து. ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கின்றன. மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டானதும் துகள்கள் வரிசை பிடித்து நின்று எண்ணெயைக் கெட்டியாக்குகின்றன. மின்சாரம் குறைந்தால் எண்ணெய் மீண்டும் இளகுகிறது. திறந்து மூடும் வால்வு எதுவும் இல்லாததால் மாற்றம் சில மில்லி விநாடிகளில் நடந்துவிடுகிறது. உலகிலேயே இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கேடிலாக்தான், 2002இல் செவில் எஸ்டிஎஸ் காரில். பின்னாளில் ஃபெராரியும் ஆடியும் இதே தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டன. பிளாக்விங்கில் இருப்பது நான்காம் தலைமுறை.

இதன் பலனைக் குண்டும் குழியுமான சாலையில்தான் உணர முடியும். மிச்சிகனில் பனிக்காலம் முடிந்ததும் சாலைகள் வெடித்துப் பள்ளமாகிவிடும். அப்படிப்பட்ட சாலையில், அன்றாட ஓட்டத்துக்கான டூர் நிலையில் வைத்தால், 668 குதிரைத்திறன் காரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு மென்மையாகப் போகும். பந்தயத் தடத்துக்கான டிராக் நிலைக்கு மாற்றிய உடனே உடல் அசைவு அடங்கி இறுகிவிடும். இதோடு மின்னணுக் கட்டுப்பாட்டில் பூட்டிக்கொள்ளும் பின்புற டிஃபரென்ஷியலும் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பகுதி), சக்கரச் சுழற்சியை ஐந்து படிகளில் கட்டுப்படுத்தும் அமைப்பும் சேர்கின்றன. அந்தப் படிகளை ஸ்டீயரிங்கில் உள்ள சிறு விசையாலேயே மாற்றலாம். புதிய ஓட்டுநர் கட்டுப்பாடு மிகுந்த படியில் தொடங்கி, பழகப் பழக ஒவ்வொரு படியாகத் தளர்த்திக்கொள்ளலாம். நல்ல நீச்சல் ஆசிரியர் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது போன்ற ஏற்பாடு இது.

உட்புறம் மட்டம் என்கிறார்களே?

2022 மாடலைப் பொறுத்தவரை, ஆம். தோலும் சீட்டும் நன்றாக இருக்கின்றன. முன் சீட்டுகள் நீண்ட பயணத்துக்கும் தடத்துக்கும் ஒருசேரப் பொருந்துகின்றன. ஆனால் கைபடும் பொத்தான்களும் கீழ்ப்பகுதிப் பிளாஸ்டிக்கும் சாதாரண சிடி5 காரில் இருப்பவையே. இந்த விலையில் மெர்சிடிஸ் தரும் கண்ணிறைவு இங்கே இல்லை. 2025 மாடலில் 33 அங்குல அகலத்திரை வந்தபின் முகப்பு மாறியது. வெளியே பின்கதவுக்கு அப்பால் கண்ணாடி போலத் தோன்றும்படி ஒட்டிய கருப்புப் பிளாஸ்டிக் முக்கோணம் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

பெட்ரோல் செலவு?

கடுமைதான். அமெரிக்க அரசின் அளவீட்டில் ஒரு கேலனுக்கு 15 மைல் அளவில்தான் கிடைக்கிறது. அதாவது லிட்டருக்கு ஆறரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. இதற்கு மேல், 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிக எரிபொருள் குடிக்கும் கார்களுக்கான கூடுதல் வரியையும் வாங்குபவர் கட்ட வேண்டும். இதைவிட அதிகம் குடிக்கும் பெரிய எஸ்யூவிகளுக்கு அந்த வரி இல்லை என்பது அநியாயம்.

மின்சாரக் காரான டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் இதைவிட வேகமானதாயிற்றே?

வேகமானதுதான். 1,020 குதிரைத்திறன் கொண்ட பிளெய்டும், 1,234 குதிரைத்திறன் கொண்ட லூசிட் ஏர் சஃபையரும் சிக்னலில் பிளாக்விங்கை அநாயாசமாக விட்டுச் செல்லும். நேர்கோட்டு வேகத்தில் பெட்ரோல் செடான்களின் காலம் முடிந்துவிட்டது. ஆகவே விநாடிக் கணக்கை வைத்துப் பிளாக்விங்குக்காக வாதாடுவது வீண் வேலை. கிளட்சை விடும் பக்குவம், சரியான சுற்றில் கியரைப் போடும் நேரம், பின்சக்கரம் நழுவத் தொடங்குவதை இடுப்பால் உணர்வது என்று ஓட்டுநரின் திறமைக்கு வேலை தரும் கார் வேண்டும் என்பவருக்கே இது.

சின்னதான சிடி4-வி பிளாக்விங் போதாதா?

பலருக்குப் போதும். அதன் 3.6 லிட்டர் இரட்டை டர்போ வி6 என்ஜின் 472 குதிரைத்திறன் தருகிறது. மேனுவல் கியர் அதிலும் உண்டு. எடை குறைவு என்பதால் குறுகலான பாதைகளில் அண்ணனைவிடச் சுறுசுறுப்பானது. அறிமுக விலை 59,990 டாலர். பின்சீட்டு மிக நெருக்கடியானது. உயரமான இரண்டு பேரைப் பின்னால் உட்காரவைத்து நெடுந்தூரம் போக முடியாது. என்ஜின் ஒலியும் வி8 ஒலிக்கு ஈடாகாது. பிஎம்டபிள்யூ எம்3 வாங்க நினைப்பவர் இதை அவசியம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

விற்பனையாளர் நெடுஞ்சாலைக்குத்தான் அழைத்துச் செல்வார். அங்கே எந்தச் சக்திவாய்ந்த காரும் நன்றாகவே ஓடும். மோசமான சாலை ஒன்றைத் தேர்ந்து, டூர் நிலையிலும் டிராக் நிலையிலும் ஒரே பள்ளத்தின் மேல் ஏற்றிப் பார்க்கவும். கிளட்ச் மிதி நெரிசலில் காலை வலிக்க வைக்குமா என்று மெதுவாக ஊர்ந்து சோதிக்கவும். பின்சீட்டில் வீட்டாரை உட்காரவைத்துக் கேட்கவும். பழைய கார் என்றால் டயர்களைக் குனிந்து பார்க்க வேண்டும். முன்னால் 275, பின்னால் 305 மில்லிமீட்டர் அகலமுள்ள மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் கோடைக்கால டயர்கள் இவை. இந்த டார்க்கில் பின் டயர்கள் விரைவில் தேயும், மாற்றும் செலவும் சிறிதல்ல. குளிர் அதிகமுள்ள மாநிலத்தில் இருப்பவர் பனிக்கால டயர் ஒரு ஜோடிக்குப் பதிலாக நான்கையுமே வாங்கும் செலவைச் சேர்த்துத்தான் விலையைப் பேச வேண்டும். கோடைக்கால டயர் கடுங்குளிரில் இறுகிப் பிடியை இழந்துவிடும், பின்சக்கர இயக்கக் காரில் அது உயிருக்கே ஆபத்து.